பெயர் தெரியாத அறைக்கு என்ன விலை?

கடையில் இன்று விற்காத சட்டையை அடுத்த மாதம் விற்கலாம். தங்கும் விடுதியில் இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. பொழுது விடிந்ததும் அந்த ஓர் இரவு போய்விடுகிறது. மாலைச் சந்தையில் மீந்துபோன கீரைக்கட்டின் நிலைதான் அதற்கும். 300 அறைகள் கொண்ட ஒரு விடுதியில் 40 அறைகள் காலியாக இருந்தாலும், வரவேற்பு முகப்பில் ஆள் நிற்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். வங்கிக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். ஆகவே, துப்புரவுக்கும் சலவைக்கும் ஆகும் செலவுக்கு மேல் சிறிது கிடைத்தாலும் அந்த அறையைக் கொடுத்துவிடுவதே விடுதிக்கு இலாபம்.

ஆனால், விலையை எல்லாரும் பார்க்கும்படி குறைத்தால் வேறொரு தொல்லை வருகிறது. 180 டாலர் கொடுக்கத் தயாராக வந்தவரும் 90 டாலரையே நீட்டுவார். காலி அறையையும் விற்க வேண்டும், முழு விலை கொடுப்பவருக்கும் அது தெரியக் கூடாது. இதற்கு ஒரு வழியை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜே வாக்கர் தொடங்கிய பிரைஸ்லைன் நிறுவனம் காட்டியது. வாங்குபவரே விலையைச் சொல்லலாம் என்பதே அந்த வழி. முதலில் விமானச் சீட்டு, பிறகு விடுதி அறை என்று அது விரிந்தது. அதே ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமையும் கிடைத்தது. 'ஸ்டார் டிரெக்' தொடரின் நடிகர் வில்லியம் ஷாட்னர் விளம்பரங்களில் தோன்றி, அதை வீடுதோறும் அறிய வைத்தார்.

பயணி நகரின் ஒரு வட்டாரத்தையும் விடுதியின் நட்சத்திரத் தரத்தையும் தேதியையும் தேர்ந்தெடுப்பார். தாம் கொடுக்க விரும்பும் தொகையையும் கடன்பற்று அட்டை எண்ணையும் பதிவிடுவார். எந்த விடுதி என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அத்தொகைக்கு ஒரு விடுதி இணங்கினால் பணம் உடனே எடுக்கப்படும். பெயர் அதன் பிறகே திரையில் தோன்றும். பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது. தேதியை மாற்றவும் முடியாது. எந்த விடுதியும் இணங்காவிட்டால், ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அல்லது வட்டாரம், தரம், தேதி ஆகியவற்றில் ஒன்றை மாற்றி மறுபடியும் கேட்க வேண்டும்.

இதைப் பலரும் ஏலம் என்றே அழைத்தனர். அந்தப் பெயர் இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஏலத்தில் பொருள் கண்முன் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் கேட்கும் விலையும் காதில் விழும். இங்கு இரண்டும் இல்லை. இரவுச் சந்தையில் நடக்கும் பேரத்தைப் போன்றது என்றும் சொல்ல முடியாது. பேரம் படியாமல் நான்கு அடி நடந்தால், வியாபாரி திரும்பவும் கூப்பிடுவார். இணையத்தில் அட்டை எண்ணைக் கொடுத்தவருக்கு அந்த நான்கு அடி கிடையாது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு விடுதி 70 டாலருக்கே அறையைத் தர இணங்கியிருக்கும்போது பயணி 90 டாலர் என்று பதிவிட்டார் எனக் கொள்ளலாம். இடையில் உள்ள 20 டாலர் நிறுவனத்தைச் சேரும். 70 என்ற எண் பயணியின் கண்ணில் கடைசிவரை படாது. விலையைச் சொல்லும் உரிமை வாங்குபவரிடம் இருந்தது. விலையைப் பற்றிய அறிவு விற்பவரிடமே இருந்தது.

அந்த இடைவெளியைக் குறைக்கச் சில பயணிகள் நன்றாகவே பாடுபட்டனர். எந்த வட்டாரத்தில் எந்தத் தர விடுதிகள் உள்ளன என்று முன்கூட்டியே பட்டியல் எடுத்தனர். நான்கு நட்சத்திர விடுதியே இல்லாத ஒரு வட்டாரத்தைத் தங்கள் தேர்வில் சேர்த்தால், 'ஒன்றை மாற்ற வேண்டும்' என்ற விதியும் நிறைவேறும். வேண்டாத இடத்தில் அறை கிடைக்கும் அபாயமும் இராது. இப்படி ஒரே நாளில் சிறிது சிறிதாக விலையை உயர்த்திப் பலமுறை கேட்டனர். இதைத் தந்திரம் என்பதைவிட, ஒழுங்காகச் செய்த வீட்டுப்பாடம் என்பதே பொருந்தும். வீட்டுப்பாடம் செய்யாதவர்கள், முதல் முறையிலேயே தேவைக்கு மேல் விலை சொல்லிவிட்டு, பாதி விலைக்குக் கிடைத்ததாக மகிழ்ந்தனர்.

உண்மையில் அது எல்லாருக்கும் பாதி விலையா? சொன்ன தொகையின்மேல் வரியும் சேவைக் கட்டணமும் ஏறும். அறை இருவருக்கு மட்டுமே உறுதி. ஒரு பெரிய கட்டிலா, இரண்டு சிறிய கட்டில்களா என்பதும் விடுதியின் விருப்பம். நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு இது சிறிய செய்தி அன்று. அமெரிக்க நகரங்களின் மையத்தில் உள்ள விடுதிகள் பலவற்றில் கார் நிறுத்தவும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். புறப்படும் முன் வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் முழுத் தொகையும் போனதுதான். ஆக, பயணிக்குக் கிடைத்த தள்ளுபடி இலவசமாக வந்ததில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையையும் மனம் மாறும் உரிமையையும் அவர் விற்றார். அதற்குக் கிடைத்த பணமே தள்ளுபடி.

இத்தனை குறை இருந்தும், இன்றைய முன்பதிவுப் பக்கங்களில் இல்லாத ஒரு நன்மை அம்முறையில் இருந்தது. எண்ணைத் தட்டும் முன், 'இந்த ஓர் இரவுக்கு நான் எவ்வளவு கொடுக்கலாம்?' என்று பயணி தம்மையே கேட்டாக வேண்டும். இன்று அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 180 என்ற எண்ணைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் 120 என்று சிவப்பு நிறத்தில் காட்டுகின்றனர். 60 மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. 'ஓர் அறை மட்டுமே மீதம்', 'பத்துப் பேர் இப்போது பார்க்கின்றனர்' என்ற வரிகள் யோசிக்கவும் விடுவதில்லை. பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் இதை ஆராய்ந்தது. அந்தப் பத்துப் பேரும் வேறு தேதிகளுக்குத் தேடிக்கொண்டிருக்கலாம் என்பது சொல்லப்படவில்லை. வார இறுதியின் உயர்ந்த விலையோடு வார நாளின் விலையை ஒப்பிட்டுத் தள்ளுபடி என்று காட்டுவதும் நடக்கலாம். ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பிறகு, 2019இல் ஆறு முன்பதிவு இணையத்தளங்கள் தம் வழக்கங்களை மாற்ற ஒப்புக்கொண்டன.

களைத்துப் போன பயணிக்குக் கணக்கு வேண்டாம், அறைதான் வேண்டும் என்று சிலர் வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. விமானச் சீட்டுக்கு விலை கேட்கும் முறையை பிரைஸ்லைன் 2016இல் நிறுத்தியது. விடுதி அறைகளுக்கான முறையும் பின்னர் மறைந்தது. ஆனால் அதன் பாதி உருவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விலையைக் காட்டி, விடுதியின் பெயரை மட்டும் மறைத்து விற்கும் வழக்கத்தைச் சில இணையத்தளங்கள் தொடர்கின்றன. இது எங்கோ தொலைவில் நடக்கும் வணிகமும் அன்று. இவ்வட்டாரக் குடும்பங்கள் பல பயன்படுத்தும் அகோடாவை 2007இல் வாங்கியது அதே பிரைஸ்லைன் நிறுவனம்தான். அந்நிறுவனக் குழுமத்தின் இன்றைய பெயர் புக்கிங் ஹோல்டிங்ஸ்.

பள்ளி விடுமுறையில் பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்லும் குடும்பத்திற்குப் பெயர் மறைத்த அறை ஏற்றதன்று. அவர்களுக்கு மின்தூக்கி எங்கே, கட்டில் எத்தனை, இரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் முன்பே தெரிந்தாக வேண்டும். தோளில் ஒரு பையுடன் இரண்டு இரவு தங்கப் போகும் இரு நண்பர்கள் அதைத் தாராளமாக வாங்கலாம்; வரியும் கட்டணமும் சேர்ந்த கடைசித் தொகையை, பெயர் தெரிந்த விடுதிகளின் விலையோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகு.