சிங்காரவேலருக்கு மாலை மட்டும் போதுமா?



ஆண்டுதோறும் பிப்ரவரி 18 வருகிறது. தோழர் ம. சிங்காரவேலர் பிறந்த நாள். கல்கத்தாத் தமிழர்களாகிய நாமும் அவர் படத்தைத் தூசு தட்டி நாற்காலியில் வைக்கிறோம், மாலை சூட்டுகிறோம். "தென்னிந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட் நம் தமிழர்!" என்று மார்தட்டுகிறோம். சுண்டலும் காப்பியும் முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். மறுநாள் காலை ஆபீசில் நாம் யார்? அவருடைய வாரிசுகளா, அல்லது சம்பளத் தேதியை எண்ணும் வெறும் குமாஸ்தாக்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இனி ஒரு மாலையும் வாங்கக் கூடாது என்பதே நமது வாதம்.

யார் இந்தச் சிங்காரவேலர்? 1860-இல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். படித்து வக்கீலானவர். வீடும் வசதியும் பெரிய நூலகமும் உடையவர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் அங்கியைத் தீயிலிட்டு, கோர்ட் வாசலை விட்டு வெளியேறினார். 1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மேடையில் நின்று, தாம் ஒரு கம்யூனிஸ்ட் என்று பகிரங்கமாகப் பிரகடனம் செய்தார். அப்போது அவருக்கு வயது 62. ரயில்வேயில் 60 வயதானால் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த மனிதர் அதன் பிறகுதான் ஆரம்பித்தார்!

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்த நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதே நாளில் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு கட்சியைத் தொடங்கினார். 1924-இல் கான்பூர் போல்ஷிவிக் சதி வழக்கில் வெள்ளையர் அரசு அவர் பெயரையும் சேர்த்தது. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வங்கத்தின் முஸஃபர் அகமது சிறையிலிருந்து வெளிவந்த சில மாதங்களில் அந்த மாநாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ரயில்வேக்காரர்களாகிய நாம் மறக்கவே கூடாத ஆண்டு 1928. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம், போத்தனூர் ஒர்க்‌ஷாப்களைப் பொன்மலைக்கு மாற்றும் சாக்கில் 3,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டது. ஜூலையில் பொது வேலைநிறுத்தம் மூண்டது. அரசு அடக்குமுறையை அவிழ்த்துவிட்டது. தலைவர்களைக் கைது செய்தது. சங்கத்தின் பதிவையே ரத்து செய்தது. சிங்காரவேலருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930-இல்தான் விடுதலையானார். சிறை புகுந்தபோது வயது 68. வெளியே வந்தபோது 70.

அவருக்கு ரயில்வேயில் வேலை இருந்ததா? பிராவிடண்ட் பண்டு இருந்ததா? புரமோஷன் நின்றுவிடும் என்ற பயமாவது இருந்ததா? எதுவும் இல்லை. வேறு யாருடைய வேலைக்காகவோ அவர் சிறை சென்றார்!

"ஆம், நம் தமிழர் அல்லவா, அதனால்தான்!" என்று பெருமைப்படும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. அந்த வழக்கில் அவரோடு தண்டிக்கப்பட்டவர் முகுந்தலால் சர்க்கார், வங்காளத் தொழிற்சங்கவாதி. நாகப்பட்டினத்துப் பிட்டருக்கும் அந்த வங்காளிக்கும் என்ன உறவு? மொழியா, சாதியா, மாப்பிள்ளை சம்பந்தமா? வர்க்க உறவு ஒன்றுதான். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செதுக்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் ஒரு வங்காளிதான். இந்த மண்ணின் மக்கள் அங்கே வந்து அதைச் செய்தார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் நாம் பதிலுக்கு என்ன செய்தோம்? தமிழர் கடையில் இட்லி மாவு வாங்கினோம். தமிழர் கூட்டத்தில் தமிழருக்கே கை தட்டினோம்!

இன்னொரு சாரார் வேறு விதமாகப் பேசுகிறார்கள். "இங்கே 1977 முதல் 2011 வரை 34 ஆண்டு இடதுசாரி ஆட்சி நடந்தது, போய்விட்டது. இன்னும் எதற்கு இந்தக் கதை?" என்கிறார்கள். மந்திரி நாற்காலியை வைத்து அளந்தால் சிங்காரவேலர் என்றைக்கோ தோற்றவர். அவர் எந்த மந்திரி சபையிலும் உட்கார்ந்ததில்லை. 1928 வேலைநிறுத்தமும் தோற்றது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆட்சி இருந்தபோது கொடியைத் தூக்கி, ஆட்சி போனதும் மடித்து வைத்தவர்கள்தான் அந்தத் தோல்வியைக் கண்டு வெட்கப்பட வேண்டும்.

கட்சி பிறந்தது 1920-இல் தாஷ்கண்டிலா, 1925-இல் கான்பூரிலா என்று வழக்காடுவோரும் உண்டு. வரலாறு தெரிந்திருப்பது நல்லதே. ஆனால் பிறந்த தேதிக்குச் சண்டையிட்டுவிட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுவதா?

நம் குற்றத்தையும் மறைக்காமல் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன், நம்மில் சிலர் வேலை பார்க்கும் ஓர் ஆபீசில் காண்டிராக்டர் மாறினார். மாடிப்படி கூட்டி, கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இரண்டு மாதக் கூலி பாக்கி. பிகாரிகள், ஒரியாக்காரர்கள், அவர்களோடு சேலம் பக்கத்துத் தமிழர் ஒருவர். அவர் நம் சங்கத்துக்கு வந்து முறையிட்டார். "இது யூனியன் விஷயம் ஐயா, தமிழ்ச் சங்கத்து விஷயம் இல்லை" என்று அனுப்பினோம். யூனியனுக்குப் போனார். "நீங்கள் உறுப்பினர் இல்லையே" என்றது யூனியன். தோழர்களே, இரண்டு இடத்திலும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நாமேதான்! அந்த மனிதர் பிறகு எங்கே போனார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

1921-இல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதியால் பிளந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலை முதலாளி பிழைத்தான். இன்று அதே பிளவு நாகரிகமான பெயரில் வருகிறது: நிரந்தரம், காண்டிராக்ட். நிரந்தரத்துக்குள்ளும் பிளவு. 2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்தவனுக்குப் பழைய பென்ஷன், பின்னால் சேர்ந்தவனுக்குப் பங்களிப்புத் திட்டம். பழைய ஆள், "எனக்கு வந்துவிடும்" என்று பேசாமல் இருந்தான். இன்று நிரந்தர ஊழியன் ஒப்பந்தக்காரனைப் பார்த்து அதையே சொல்கிறான். இதற்கிடையே 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருட்டி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்தத் தொழிலானாலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம். ஆளுக்கொரு மூலையில் நிற்பவர்களை அடிப்பது எளிது என்பது ஆள்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லது. கட்டடத்துக்குப் பெயர் வைப்பது அரசாங்கத்தின் வேலை. அவர் விட்டுப்போன காரியத்தை எடுத்துச் செய்வது நம் வேலை.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று: கூலி பாக்கி, திடீர் வேலைநீக்கம் என்று வரும் எவருக்கும், எந்த மொழிக்காரராயினும், மனு எழுதிக் கொடுக்க வாரம் ஒரு மாலை நம் சங்க அறை திறந்திருக்க வேண்டும். எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் நம்மிடம் குறைவா என்ன? இரண்டு: யூனியனில் இருக்கும் நம் உறுப்பினர்கள், ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்க்கும் தீர்மானத்தை அடுத்த கிளைக் கூட்டத்திலேயே கொண்டுவர வேண்டும். மூன்று: வரும் பிப்ரவரி 18 கூட்டத்துக்கு வங்காளி, பிகாரி, ஒரியா, தெலுங்குத் தோழர்களை அழைக்க வேண்டும், மேடையில் முதலில் பேசுபவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்க வேண்டும்.

மாலைக் காசை மிச்சப்படுத்துங்கள். மனுத்தாள் வாங்க உதவும்.