'பொறுப்பு வகித்தேன்' என்றால் போதுமா?

தாராவியிலும் மாதுங்காவிலும் சயானிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இப்போது ஒரு புதிய கவலை குடிபுகுந்திருக்கிறது. பட்டம் பெற்று இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பிள்ளை, நிர்வாகவியல் மேல்படிப்புக்கு மனுப் போடுகிறான். பெண்ணும் போடுகிறாள். பவாயில் 1963 முதல் இயங்கிய நிட்டீ கல்வி நிலையம் 2023இல் ஐ.ஐ.எம். மும்பை ஆன பிறகு இந்த ஆசை இன்னும் வளர்ந்திருக்கிறது. வளரட்டும், நல்லதுதான்.

நவம்பரில் நடக்கும் கேட் தேர்வில் நம் பிள்ளைகள் கணக்குக்கு அஞ்சுவதில்லை. ஆனால் வேலை அனுபவத்தை எழுதும் இடம் வந்ததும் பேனா தயங்குகிறது. 'பல பொறுப்புகளை வகித்தேன். கடினமாக உழைத்தேன். மேலதிகாரிகளின் பாராட்டைப் பெற்றேன்.' இவ்வளவுதான். இந்த மூன்று வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாமே! எழுதியவர் வங்கியில் இருந்தாரா, பிஸ்கட் கம்பெனியில் இருந்தாரா என்றுகூடத் தெரியாது.

பிவண்டியில் சரக்குக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 'இருப்புப் பராமரிப்பு' என்று அவர் எழுதுகிறார். நடந்தது என்ன? மாதக் கடைசியில் புத்தகத்தில் உள்ள இருப்பும் கையில் உள்ள சரக்கும் ஒத்துப்போவதில்லை. 40 பெட்டி வரை இடிக்கிறது. திருட்டு என்று எல்லோரும் பேசினார்கள். அவர் இரண்டு வாரம் இரவு ஷிப்டில் இருந்து பார்த்தார். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கு, பதிவே இல்லாமல் அடுக்கில் ஏறுவதைக் கண்டார். வாசலில் தனிப் பதிவேடு வைக்கச் சொன்னார். கிடங்கு மேலாளர் முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். மூன்று மாதத்தில் வித்தியாசம் 6 பெட்டியாகக் குறைந்தது. கல்லூரி கேட்பது இந்தக் கதையைத்தான். அதை விட்டுவிட்டு 'இருப்புப் பராமரிப்பு' என்று எழுதி என்ன பயன்?

அவர்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டின் துணையோடு உருவானது. அங்கே உண்மை வியாபாரச் சிக்கல் ஒன்றை வகுப்பின் முன் வைத்து, 'நீ அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்டே பாடம் நடத்துகிறார்கள். கிடங்கைக் கண்ணால் கண்டவன் வாய் திறந்தால் மற்றவர்களுக்கும் லாபம். 2001இல் ஐதராபாத்தில் தொடங்கிய ஐ.எஸ்.பி.யும் வேலை பார்த்தவர்களை மனதில் வைத்தே தன் ஓராண்டுப் படிப்பை அமைத்தது.

நம்மவர் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அடக்கம். 'நான் செய்தேன்' என்று சொல்வது தற்பெருமை என்று வளர்க்கப்பட்டவர்கள். மீதிக் காரணம் ஆபீஸ் கடிதப் பழக்கம். அந்தக் கடிதத்தில் எல்லாம் 'செய்யப்பட்டது', 'அனுப்பப்பட்டது'. செய்த ஆள் மட்டும் காணாமல் போய்விடுவார்.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருபவர்கள், கணக்கரை ஒரே நாளில் 'தலைமை வியூக அதிகாரி' ஆக்கிவிடுகிறார்கள். நேர்முகத்தில் அந்த மனு எதிரே இருப்பவர் கையில் இருக்கும். 'எத்தனை பேர் உன் கீழ் வேலை செய்தார்கள்?' என்ற ஒரு கேள்வி போதும், சாயம் வெளுத்துவிடும். நான்கு பேர் சேர்ந்து செய்ததில் தன் பங்கு எது என்று எழுதுபவனுக்கு அந்தப் பயம் இல்லை. கம்பெனியின் ரகசியத் தொகைகளையும் எழுத வேண்டாம். எத்தனை சதவீதம் குறைந்தது என்று சொன்னால் போதும்.

கல்லூரிகள் மீதும் குறை உண்டு. பெரிய கம்பெனியின் பெயரைக் கண்டதும் மலர்கிற முகம், மார்க்கெட் கடைக் கணக்கரைக் கண்டால் மலர்வதில்லை. சில வரிகளுக்குள், அதுவும் ஆங்கிலத்தில், எல்லாவற்றையும் அடக்கச் சொல்வது கான்வென்ட் பிள்ளைக்கே வசதி. அதற்காகவே நம் பிள்ளைகள் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், கையிலிருக்கும் வேலையை விட்டுக் கடனும் வாங்கப் போகிறவர்கள் இவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தை வீட்டிலேயே இருக்கிறது. சரக்கு ஆபீசில் இருக்கும் தந்தையைக் கேட்டால், எந்த வேகன் எத்தனை மணி நேரம் நின்றது, டெமரேஜ் எவ்வளவு விழுந்தது, யார் தாமதித்தது என்று ஒரே மூச்சில் சொல்வார். மனுவை அனுப்புமுன் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டட்டும். 'பல பொறுப்புகள்' என்ற இடம் வந்ததும், 'எது? எப்போது? எவ்வளவு?' என்று அவரே கேட்பார்.