கடல் எவருடையது? மனுகாவிலிருந்து வடகடலை நோக்கி ஒரு கேள்வி

தமிழர் தாயகம் பற்றிப் பேசும்போது நாம் காணிகளை எண்ணுகிறோம், கடலை எண்ணுவதில்லை. எத்தனை ஏக்கர் இராணுவத்திடம் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விடுவிக்கப்பட்டது என்று கணக்கு வைத்திருக்கும் புலம்பெயர் அமைப்புகளில், வடகடலில் எம்மவர் வலை வீச முடியாமற்போன நாட்கள் எத்தனை என்று கணக்கு வைத்திருப்பவை மிகச் சிலவே. கடலை நம்பி வாழும் பல்லாயிரம் குடும்பங்களின் துயரம் எமது அறிக்கைகளில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு வரியும் துயரத்திற்குக் காரணமானவர்களில் ஒரு தரப்பை மட்டுமே பெயர் சொல்லிச் சுட்டுகிறது. மறுதரப்பைப் பற்றி ஒரு மௌனம் நிலவுகிறது. அந்த மௌனம் இனியும் தொடரலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதனை மனுகாவிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு.

ஒக்லாந்தின் தென்மேற்கே விரிந்து கிடக்கும் மனுகாவ் துறைமுகம் பரப்பளவில் நியூசிலாந்தின் இரண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகம். அதன் வாயிலில் மணல்திட்டு கொந்தளிக்கிறது. 1863 பெப்ரவரியில் பிரித்தானியப் போர்க்கப்பல் 'ஓர்பியஸ்' அங்கே சிக்கி உடைந்து 189 பேர் மாண்டனர். ஆனால் உள்ளே, அமைதியான நாட்களில், சிறுபடகுக்காரருக்கு அது கொடை தரும் நீர்ப்பரப்பு. மார்ச் முதல் மே வரையான இலையுதிர்காலத்தில், கோடையின் வெப்பம் நீரில் முற்றாக ஆறுமுன், வேமத், கிளார்க்ஸ் பீச் இறங்குதுறைகளில் சிறிய அலுமினியப் படகுகள் வரிசைகட்டி நிற்கும். ஸ்நப்பர், கேர்னாட், எங்கள் பாரையின் இனமான ட்ரெவலி முதலிய வெள்ளைச் சதை மீன்களைத் தேடிச் செல்வோரில் எம்மவரும் உண்டு. விளைமீனும் ஓராவும் உண்டு வளர்ந்த நாக்கு, புதிய கடலில் புதிய மீனைப் பழகிக்கொண்டுவிட்டது.

அவர்கள் எவரும் அச்சத்தோடு கடலுக்குப் போவதில்லை. இந்த மேற்குக் கரைப் பகுதியில் 27 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஸ்நப்பரைக் கடலில் விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 10 ஸ்நப்பருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. விதியை மீறுவோரின் படகையே பறிமுதல் செய்ய மீன்வள அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எவரும் சுடப்படுவதில்லை, வலை அறுக்கப்படுவதில்லை, அடிமடி இழுக்கும் பெரும்படகு இருளில் வந்து தூண்டிற்காரரைத் துரத்துவதில்லை. மனுகாவ் துறைமுகம் இழுவை வலைக்கு மூடப்பட்டது. துறைமுகத்திற்கு வெளியே மேற்குக் கரையோரத்திலும், ஏறத்தாழ ஐம்பது மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் மௌயி ஓங்கில்களைக் காப்பதற்காக, இழுவை வலைக்கும் செவுள்வலைக்கும் விரிந்த தடைகள் உள்ளன. ஐம்பது ஓங்கில்களுக்காக ஒரு கரையோரத்தை மூட ஓர் அரசினால் முடியுமென்றால், பல்லாயிரம் மனிதக் குடும்பங்களுக்காக இரண்டு அரசுகளால் ஏன் முடியவில்லை?

மனுகாவ் மக்கள் கேட்டுப் பெற்றது

இந்த ஒழுங்கு நியூசிலாந்து அரசின் கருணையால் மட்டும் வந்ததென்று எண்ணுவது தவறு. மனுகாவின் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்தும் சிப்பி பொறுக்கியும் வாழ்ந்த மாவோரி மக்கள், 1863 இல் வைக்காட்டோப் படையெடுப்பின்போது முடிக்கு விசுவாசம் தெரிவிக்கும்படியும், மறுப்பின் வெளியேறும்படியும் பணிக்கப்பட்டனர். அவர்களது நிலங்கள் பறிமுதலாயின. நிலம் போனபின் கடலும் போயிற்று. 1960 இல் மாங்கரேயில் ஒக்லாந்தின் கழிவுநீர் சுத்திகரிப்புக்கென ஏறத்தாழ 500 ஹெக்டயர் பரப்பில் குளங்கள் அமைக்கப்பட்டு, இகுமாதாவோ மக்களின் மீன்பிடிக் களங்களும் சிப்பித் திட்டுகளும் அழிந்தன. தெற்குக் கரையில் கிளென்புறூக் உருக்காலை எழுந்தது.

அம்மக்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. நானேக்கோ மின்ஹினிக் என்ற பெண்மணி முன்னின்று வைத்தாங்கித் தீர்ப்பாயத்தின் முன் வழக்கை வைத்தார். எந்தக் களத்தில் எந்த மீன் கிடைத்தது, எந்த ஆண்டு அது அற்றுப்போனது, எந்த நிறுவனத்தின் எந்தச் செயலால் அற்றுப்போனது என்று சான்றுகள் அடுக்கப்பட்டன. 1985 யூலையில் வெளிவந்த மனுகாவ் அறிக்கை அவர்களது குறைகள் நியாயமானவை என்று கண்டது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 1840 வரை பின்னோக்கிச் சென்று விசாரிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்திற்குக் கிடைத்தது. 1992 இல் மாவோரிகளின் மீன்பிடி உரிமை குறித்து நாடளாவிய உடன்பாடு ஏற்பட்டது: சீலோர்ட் நிறுவனத்தின் பாதியை வாங்க 150 மில்லியன் டொலர், பங்கீட்டு முறைக்குள் புதிதாகக் கொண்டுவரப்படும் மீனினங்களில் 20 விழுக்காடு. மாங்கரேக் குளங்களும் பின்னர் அகற்றப்பட்டுக் கரை மீட்கப்பட்டது.

இது நிறைவான நீதியன்று. அறிக்கையின் பரிந்துரைகள் யாவும் உடனே நிறைவேறவில்லை. 1992 உடன்பாடு பிற வணிக உரிமைக் கோரிக்கைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்ததால் மாவோரிகளுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதையும் அவர்கள் மறைக்கவில்லை; வெளிப்படையாக வாதிட்டார்கள். தமக்குள் பிளவு வரும் என்று அஞ்சி, கடலுக்கு நேர்ந்த கேட்டை அவர்கள் பெயர் சொல்லாமல் விட்டதில்லை. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

வடகடலில் நடந்ததும் நடப்பதும்

போருக்கு முன்னர் இலங்கையின் மீன் உற்பத்தியில் முன்னணியில் நின்றது வடக்கு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து கடல்வலயத் தடைகள் அந்தத் தொழிலின் கழுத்தை நெரித்தன. 1986 யூன் 10 ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. தீவின் வளமிக்க மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றான மயிலிட்டியிலிருந்து 1990 யூனில் துரத்தப்பட்ட மக்களுக்கு, அத்துறைமுகம் 2017 யூலையிலேதான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுகள்! ஒரு தலைமுறை கடலைக் காணாமலே வளர்ந்து முடிந்துவிட்டது. 2009 மே மாதத்தின் பின்னரும் முல்லைத்தீவு வட்டுவாகலில் கடற்படைத் தளம் மக்களின் காணிமேல் நிற்கிறது. 2018 ஓகஸ்ட்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் படகுகளும் வாடிகளும் எரிக்கப்பட்டன. இவற்றிற்கெல்லாம் பொறுப்புக் கூறவேண்டியது சிறிலங்கா அரசு. இதில் ஐயமில்லை, இதனை நாம் சொல்லியும் வருகிறோம்.

நாம் சொல்லத் தயங்குவது வேறொன்று. எம்மவர் கரையில் முடக்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், ஆளில்லாத வடகடலில் தமிழக இழுவைப் படகுகள் பழகிக்கொண்டன. போர் முடிந்து எம்மவர் கடன்பட்டு வலை வாங்கிக் கடலுக்கு இறங்கியபோது, அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தவை அந்தப் படகுகளே. பாக்குநீரிணையின் தமிழகக் கரையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இழுவைப் படகுகள் உள்ளன. அவை கடலுக்கு வரும் திங்கள், புதன், சனி நாட்களில் வடக்கின் சிறுபடகுக்காரர் வலை போட அஞ்சுகின்றனர். பல மாதச் சேமிப்பில் வாங்கிய வலை ஓர் இரவில் அறுந்துபோகிறது. அடிமடி கடலின் தரையையே வழித்துச் செல்கிறது. குஞ்சும் முட்டையும் பவளமும் பாசியும் அதற்கு ஒன்றே.

மனுகாவில் எம்மவர் தூண்டில் போடும் அதே இலையுதிர்காலத்தில், ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை, தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களே வடக்கு மீனவர் ஓரளவு நிம்மதியாக வலை வீசும் நாட்கள். தன் சொந்தக் கடலில் மூச்சுவிட, அடுத்த கரையின் நாட்காட்டியைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை எந்த மக்களுக்கு வரவேண்டும்?

மௌனத்திற்குக் கூறப்படும் நியாயங்கள்

"இரு கரையும் தமிழர்; அண்ணன் தம்பிப் பிணக்கை ஊரறியச் செய்யலாமா?" என்பது முதலாவது நியாயம். தமிழகம் எமக்காக எரிந்த மண். அந்தக் கடனை மறப்பவன் மனிதனல்லன். ஆனால் இழுவைப் படகின் முதலாளியும் தமிழக மக்களும் ஒன்றல்லர். இழுவை வலையை முதலில் எதிர்த்து நின்றவர்களே தமிழகத்தின் கட்டுமரக்காரரும் நாட்டுப்படகுக்காரரும்தான். 1970களில் அவர்கள் நடத்திய போராட்டத்தின் பின்னரே, கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் இழுவைப் படகு வரலாகாது என்ற விதியோடு 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. இழுவைக்கு நாள் குறித்ததும் நாட்டுப்படகைக் காக்கவே. இராமேசுவரத்து நாட்டுப்படகுக்காரனுக்குக் கிடைத்த அந்தக் காப்பு, நெடுந்தீவின் சிறுபடகுக்காரனுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

"கச்சதீவை மீட்டால் எல்லாம் தீரும்" என்பது இரண்டாவது. 1974 உடன்படிக்கை அக்கடலை நம்பி வாழும் மக்களைக் கேளாமல் செய்யப்பட்டது என்பது உண்மை. ஆனால் 285 ஏக்கர் தீவு ஒன்றின் உரிமை மாறுவதால், முல்லைத்தீவுக் கரை வரை வரும் இழுவைப் படகு திரும்பிப் போய்விடுமா? 2024 இந்தியத் தேர்தலில் கச்சதீவு பேசுபொருளாயிற்று. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமும் நிறைவேற்றிற்று. அடிமடியைப் பற்றி அதே உரத்த குரலில் பேசியவர் எவர்?

"படகில் வருபவனும் ஏழைதானே" என்பது மூன்றாவது. ஆம், ஏழைதான். சிறைக்குப் போவதும், 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞனைப் போலக் குண்டுபட்டுச் சாவதும் அந்தக் கூலித் தொழிலாளியே. முதலாளி கரையில் இருக்கிறான். மீனவனைச் சுடுவதற்கு எந்த அரசிற்கும் உரிமை கிடையாது. ஆகவே இழுவைக்கு மாற்றுத் தொழில் கேட்பது அந்தத் தொழிலாளியின் உயிருக்காகவும்தான். 2016 நவம்பரில் இரு நாடுகளும் அடிமடி இழுவையை முடிவுக்குக் கொண்டுவர இணங்கின. 2017 இல் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நிறைவேறியது அதில் சிறு பகுதியே.

மௌனத்தின் விலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் வாய்திறவாதபோது, தமிழ் மீனவனின் காவலன் என்ற வேடம் சிறிலங்காக் கடற்படைக்குப் போய்ச் சேர்கிறது. 1986 இன் கடலை மறைத்து, இன்று இழுவைப் படகைப் பிடிப்பவராகத் தம்மைக் காட்டிக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்புத் தருவது எமது பேசாமையே. எம்மவருக்கு வேண்டியது கடற்படையின் காவலன்று. தமது கடலைத் தாமே ஆளும் உரிமை. தாயகத்து மீனவர் இதில் எம்மைவிடத் துணிவுள்ளவர்கள். 2021 ஒக்ரோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் சென்று இழுவைத் தொழிலுக்கு எதிராகப் போராடினார்கள். அடிமடியைத் தடைசெய்யும் 2017 ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையே. உள்ளூரில் குருநகர் போன்ற இடங்களில் உள்ள இழுவைப் படகுகளையும் அது கட்டுப்படுத்தும் என்று தெரிந்தே அதனைக் கொண்டுவந்தார்கள்.

செய்யவேண்டியவை

முதலாவதாக, பாக்குநீரிணையில் அடிமடி இழுவை முற்றாக நிறுத்தப்படவேண்டும் என்பதைப் புலம்பெயர் அமைப்புகள் தமது கோரிக்கைகளில் வெளிப்படையாகச் சேர்க்கவேண்டும். வடகடலின் இராணுவமயநீக்கம் பற்றிய கோரிக்கையும் அதனோடு ஒரே தாளில் நிற்கவேண்டும்.

இரண்டாவதாக, மனுகாவ் மக்கள் செய்ததுபோல் சான்றுகளைத் திரட்டவேண்டும். ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்திடமிருந்தும், இழந்த வலை, இழந்த படகு, இழந்த நாள், இழந்த உயிர் ஆகியவற்றை ஊர்வாரியாகப் பதியவேண்டும். இதற்குப் பணமும் தொழில்நுட்பமும் புலத்தில் உண்டு.

மூன்றாவதாக, தமிழகத்தின் கட்சிகளோடும் நாட்டுப்படகு மீனவர் அமைப்புகளோடும் நேரில் பேசவேண்டும். மேடையில் கைதட்டி வாங்கும் நட்பைவிட, உண்மை பேசிப் பெறும் நட்பு உறுதியானது.

நான்காவதாக, நாம் வாழும் நாடுகளின் வணிகச் செல்வாக்கைப் பயன்படுத்தவேண்டும். 2015 இல் சட்டவிரோத மீன்பிடியைக் காரணங்காட்டி இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தபோது, கொழும்பு ஓராண்டு சிறிதில் தன் விதிகளைத் திருத்திக்கொண்டது. 2016 இல் தடை நீங்கியது. பாக்குநீரிணையில் அடிமடியால் வாரப்படும் இறாலும் ஏற்றுமதிப் பண்டமே. அதனை வாங்கும் நாடுகளில் நாம் குடிமக்களாக இருக்கிறோம்.

மனுகாவில் அச்சமின்றித் தூண்டில் போடும் ஒவ்வொரு தமிழரும், வேறொரு மக்கள் தமது கடலுக்காக வழக்காடிப் பெற்ற ஒழுங்கின் நிழலில் நிற்கிறார். அதே வழக்கைத் தம் மக்களுக்காக ஆட மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை. சிறிலங்காவிடம் கேட்கவேண்டியதைச் சிறிலங்காவிடமும், இந்தியாவிடம் கேட்கவேண்டியதை இந்தியாவிடமும், தமிழகத்திடம் கேட்கவேண்டியதைத் தமிழகத்திடமும் ஒரே குரலில் கேட்போம். வடகடல் வடக்கின் சிறுபடகுக்காரருடையது.