மூன்று வடிவங்களோடு முடிந்துவிடும் பாடம்

2019 ஜூலை 10, மான்செஸ்டர். உலகக் கோப்பை அரையிறுதியில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பைத் தாக்க, தோனி 50 ரன்னோடு வெளியேறினார். ஆங்கிலத்தில் இதை ‘தோனி வாஸ் ரன் அவுட்’ என்பார்கள். ‘தோனி ரேன் அவுட்’ என்று எழுதினால் அவர் வெளியே ஓடிவிட்டதாகப் பொருள்படும். கடந்த காலம்தானே என்று இரண்டாம் வடிவத்தைப் போடும் மாணவர் சறுக்குவது இங்கேதான். அது செயப்பாட்டு வினை. அங்கே மூன்றாம் வடிவம்தான் வரும்.

‘ரன், ரேன், ரன்’ என்று நம் வகுப்பறைகளில் ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்த அதே பிள்ளை ‘டிட் நாட் ரேன்’, ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதுகிறது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘டிட்’டுக்குப் பின் முதல் வடிவம், ‘ஹேஸ்’ஸுக்குப் பின் மூன்றாம் வடிவம் என்பதை அட்டவணை காட்டுவதில்லை. அதை வாக்கியம்தான் காட்டும்.

வடிவத்தைவிடப் பெரிய சிக்கல் பொருள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு இருந்தது. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்தியது. அகராதியாளர் பீட்டர் கிலிவர் ஏறக்குறைய ஒன்பது மாதம் அந்த ஒரே வினையோடு மல்லுக்கட்டி 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும், பிடிகொடுக்காத வினைகள் என்று முன்னுரையில் அலுத்துக்கொண்ட பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறார்.

இத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, வேண்டியதுமில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இதில் பாதி வழி ஏற்கெனவே தெரியும். நம் ஊரிலும் ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இந்த இடங்களில் ‘ரன்’ தயங்காமல் பொருந்தும். மூக்கு மட்டும் நமக்கு ஒழுகுகிறது, அவர்களுக்கு ஓடுகிறது. பள்ளிக்கூடத்தை நாம் நடத்துகிறோம். அவர்கள் அதற்கும் ‘ரன்’ என்பார்கள். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார். பிரிட்டிஷ்காரரோ நம் வேட்பாளரைப் போலவே நிற்பார். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று ஆசிரியர் தமிழிலேயே எடுத்துச் சொல்லலாம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம் என்று நினைக்கும் பள்ளிகள் இந்த உதவியை வீணடிக்கின்றன.

அடுத்தது, வினையோடு ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்கள். ‘ரன் இன்டு’ என்றால் நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தல். ‘ரன் ஓவர்’ என்றால் அவர்மேல் வண்டி ஏற்றுதல். வீட்டில் பால் தீர்ந்துபோனால் ‘ரன் அவுட் ஆஃப்’. வேலைக்கான நேர்காணலில் ஒரு சிறு சொல் மாறினாலே சொல்ல வந்தது தலைகீழாகிவிடும்.

‘ஸ்லே, ஸ்லூ, ஸ்லெயின்’ போன்ற அருகிய வினைகளை நீண்ட பட்டியல்களிலிருந்து தயங்காமல் எடுத்துவிடலாம். அந்த நேரத்தை கெட், டேக், புட், கம், ரன் போன்ற அன்றாட வினைகளுக்குக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு வினை போதும்; அதில் மாணவர்களே தங்கள் வீட்டையும் தெருவையும் பற்றிப் பத்து வாக்கியம் எழுதட்டும். தேர்விலும் வடிவத்தைக் கேட்கும் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பதிலாக, ஒரே வினையை மூன்று வேறு பொருள்களில் கையாளச் சொல்லும் கேள்வி வர வேண்டும். தேர்வில் கேட்காத எதையும் நம் பள்ளிகள் நடத்துவதில்லை என்பதால், மாற்றம் வினாத்தாளில் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.