ஊர் சுற்றிவிட்டு வந்தால் ஓய்வா?

போன மாதம் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பாலித் தீவுக்குப் போய்விட்டுத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த அம்மாவுக்கு இரண்டு காலும் வீக்கம். குதிகாலில் கொப்புளம் உடைந்து புண். ரத்தத்தில் சர்க்கரை 340.

"பையன் ஆசைப்பட்டு அனுப்பினான் டாக்டர். அஞ்சு நாள்ல பதினாலு இடம் காட்டினாங்க. காலைல ஆறு மணிக்கு வேன்ல ஏறினா ராத்திரி ஒன்பதுக்குத்தான் ரூம். கடல்ல காலை நனைச்சது பத்து நிமிஷம் இருக்கும்" என்றார் கணவர்.

"மணல் அவ்வளவு சூடா இருந்ததாமே, எனக்குத் தெரியவே இல்லீங்க" என்றார் அந்த அம்மா. தெரியாதுதான். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மரத்துவிடும். மத்தியான மணலில் வெறுங்காலோடு நடந்தால், தோல் வெந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். அன்றைக்கே அவரைச் சர்க்கரை நோய் மருத்துவரிடம் அனுப்பினேன். இந்த மாதிரிப் புண்ணில் 'நம்ம எண்ணெயைப் போட்டுப் பார்ப்போம்' என்று நாளைக் கடத்துவது பாவம். சித்த மருத்துவனாகவே இதைச் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அப்பா அம்மா ஓய்வெடுக்கட்டும் என்றுதான் அவர் பணம் கட்டினார். ஆனால் நம் வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. இவ்வளவு செலவு பண்ணிப் போகிறோம், ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும். குற்றாலத்துக்குப் போனாலே ஒரே நாளில் எல்லா அருவியையும் முடித்துவிட்டுத் திரும்புகிற ஜாதி நாம்!

பாலி அப்படி ஓடி முடிக்கிற தீவு இல்லை. நாற்பது லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்கிற இடம். தெருவெல்லாம் ஸ்கூட்டர், கடை, பாட்டு, கோயில் ஊர்வலம். தெற்கே கூட்டாவிலிருந்து உபுத் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். வேனில் ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒரு நாளில் மூன்று இடம் என்றால் பாதி நாள் உட்கார்ந்தே போய்விடும். காலைத் தொங்கப் போட்டு அப்படி உட்கார்ந்தால் வயதானவர்களுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். ஐந்து நாளும் சானூரில் ஒரே இடத்தில் இருந்தோம். கூட்டா கடற்கரை மேற்குப் பக்கம், அலைச் சறுக்கு விளையாடுகிற இளைஞர்களுக்கானது. அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்கலாம். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் இறங்கவே கூடாது. சானூர் கிழக்குப் பக்கம். பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். கரையை ஒட்டிச் சில கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் உள்ளூர்ப் பெண்கள் ஓலைத் தட்டில் பூ வைத்து வாசலில் படைப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் அகுங் எரிமலை தெரியும். நடந்தோம், இடுப்பளவு தண்ணீரில் நின்றோம், மத்தியானம் தூங்கினோம். பகல் தூக்கம் கூடாது என்று நோயாளிகளுக்கு ஆயிரம் தடவை சொன்னவன் நான். அந்த ஐந்து நாள் மட்டும் என் வாய்க்கு லீவு.

பவளப்பாறைத் துண்டு காலைக் கிழித்துவிடும், கடல் முள்ளெலியும் இருக்கும். தண்ணீருக்குள்ளும் ரப்பர் செருப்பைக் கழற்றக் கூடாது. சர்க்கரைக்காரர்கள் ராத்திரி படுக்கும் முன் பாதத்தை விரல் இடுக்கு வரை பார்த்துவிட வேண்டும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே விடியற்காலை ஐந்தரை என்றால் நம் உடம்புக்கு ராத்திரி மூன்று மணி. முதல் நாளே ஆறு மணிக்கு வேன் வைப்பவர்களை என்ன சொல்வது! மாத்திரை, இன்சுலின் எந்த நேரத்தில் என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில் வரட்டும். சரக்கோடு போடும் பெட்டியில் உறைந்துவிடலாம், வெயிலில் நிற்கும் வேனில் வைத்தால் கெட்டுவிடும்.

இன்னொன்று, என் துறையில் சிலருக்குப் பிடிக்காது. வெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் போதும் என்பது தவறு. தோல் வறளாமல் இருக்க எண்ணெய் நல்லது, ஆனால் அந்த வெயிலைத் தடுக்கிற சக்தி அதற்குக் கிடையாது. பாலி பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி தெற்கேதான். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருங்கள். வெளியே போனால் முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம்.

எனக்குப் பெரிய சந்தோஷம் தந்தது ஜாமு. ஜாவாவின் பாட்டி வைத்தியம் அது, பாலியிலும் காலையில் கிடைக்கிறது. பாட்டில்களைக் கூடையில் அடுக்கி முதுகில் கட்டிக்கொண்டு பெண்கள் விற்பது பழைய வழக்கம். ஜாமு மரபை 2023-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு பாட்டிலில் மஞ்சளும் புளியும் பனைவெல்லமும். இன்னொன்றில் ஊறவைத்து அரைத்த அரிசியும் கச்சோலமும். கசப்பு பாட்டிலில் நம் நிலவேம்பு, கூடவே சீந்திலின் உறவுக்கொடி ஒன்று! கடல் தாண்டிப் போய் நிலவேம்பைக் குடித்து முகம் சுளித்தபோது, பாளையங்கோட்டையில் படித்த நாட்கள் ஞாபகம் வந்தன.

வெல்லம் சேர்ந்தது என்பதால் சர்க்கரைக்காரர்களுக்கு ஜாமு வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மஞ்சள் பாட்டிலை டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது. காய்ச்சிய தண்ணீரில் செய்ததா என்று கேளுங்கள். 'மூட்டு வலி, உடம்பு வலி பறந்துவிடும்' என்று பொட்டலத்தில் விற்கிற பொடிகளைத் தொடவே வேண்டாம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்த பொடிகளை அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே பல முறை பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் சித்த மருந்து என்ற பெயரில் இதைச் செய்கிறவர்கள் உண்டு. இரண்டே நாளில் வலி போச்சு என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

குரங்குகளோடு போட்டோ எடுக்கும் ஆசையும் வேண்டாம். 2008-லிருந்து அந்தத் தீவில் நாய்களிடம் வெறிநோய் உண்டு. நாயோ குரங்கோ கடித்தால், கீறினால், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும்.

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற அந்தத் தீவு வருடத்தில் ஒரு நாள் விமான நிலையத்தையே மூடிவிடுகிறது. அவர்களுடைய சக வருடப் பிறப்பு அது. பெரும்பாலும் மார்ச்சில் வரும், 'நியெபி' என்பார்கள். இருபத்து நான்கு மணி நேரம் வேலை இல்லை, விளக்கு இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. வெளிநாட்டுக்காரர்களும் ஓட்டலுக்குள்தான். அந்த நாளில் அங்கே சிக்கிக்கொண்ட ஒரு நண்பர், "காசு வேஸ்ட்டுங்க, ஒண்ணுமே பார்க்க முடியல" என்று என்னிடம் புலம்பினார். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன். "பத்து மணி நேரம்" என்றார்.

அந்த அம்மாவின் புண் இப்போது ஆறி வருகிறது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. நேற்று பையன் போனில் பேசினார்: "அடுத்த வருஷம் வேற எங்கயாவது அனுப்பலாமா டாக்டர்?"

"அதே சானூருக்கு அனுப்புங்க தம்பி. தரைத்தளத்துல ரூம். வேன் மட்டும் புக் பண்ணாதீங்க" என்றேன்.