கல்லெறியும் கைகள்

மன்னிப்பு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே முகம் சுளிப்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். குற்றம் செய்தவனுக்கு இரக்கம் காட்டுவது குற்றத்தை வளர்ப்பதாகும் என்பது அவர்தம் வாதம். இவர்களுள் ஞாயிறுதோறும் தவறாமல் ஆலயம் செல்வோரும் உளர் என்பதுதான் வியப்பு. பிறர் பிழையைத் தாம் பொறுப்பதுபோலத் தம் பிழையும் பொறுக்கப்பட வேண்டும் என்று நாள்தோறும் மன்றாடுவோர் இவர்கள். அவ்வேண்டுதல் ஓர் உடன்படிக்கை அன்றோ? அண்டை வீட்டானை மன்னிக்காதவன் அதனைச் சொல்லும்போதெல்லாம் தன் வாயாலேயே தனக்குத் தண்டனை கேட்டுக் கொள்கிறான்!

1999-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள் இரவு, அந்நாளைய ஒரிசா மாநிலத்தின் மனோகர்ப்பூர் என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலிய நாட்டவர். 1965 முதல் அம்மாநிலத்தில் பணியாற்றி, பாரிபதா நகரில் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்து வந்தவர். ஊர்தியில் உறங்கிக் கொண்டிருந்த அவரையும், பத்து வயதும் ஆறு வயதும் நிரம்பிய அவர் மைந்தர் இருவரையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. மதம் மாற்றுகிறார் என்பது அக்கும்பல் சாட்டிய குற்றம். குற்றம் சாட்டியவரும் அவரே, தீர்ப்பளித்தவரும் அவரே, தண்டனையை நிறைவேற்றியவரும் அவரே.

கணவனையும் மக்களையும் ஒரே இரவில் இழந்த கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். எஞ்சிய ஒரே மகளுடன் அதே ஊரில் தங்கித் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். கணவர் நினைவாக 2004-இல் அங்கு ஒரு மருத்துவமனை எழுந்தது. மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

அவர் மன்னித்தமையால் வழக்கு நின்று போயிற்றா? இல்லை. முதன்மைக் குற்றவாளிக்கு 2003-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005-இல் உயர்நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. (ஸ்டெயின்சுக்குப் பாடம் புகட்டுவதே கொலையின் நோக்கம் என்ற பொருள்பட அத்தீர்ப்பில் இடம்பெற்ற சொற்கள் கண்டனத்துக்கு உள்ளாகி, சில நாட்களிலேயே நீக்கப்பட்டன. உயர்ந்த மன்றத்திலும் நா தவறக்கூடும்.) சட்டம் தன் கடமையைச் செய்ய, அம்மையார் தம் கடமையைச் செய்தார். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர்தாம் மன்னிப்பைக் கோழைத்தனம் என்கின்றனர்.

இஃது ஓர் அம்மையாருக்கு மட்டும் வாய்த்த அரும்பண்பு என்று தள்ளிவிடுவதற்கும் வழியில்லை. 1995-இல் இந்தூருக்கு அருகே ஏழை உழவர்க்காகப் பாடுபட்ட கேரளத்துக் கன்னியர் இராணி மரியாவைப் பேருந்தில் குத்திக் கொன்றவன் சமுந்தர் சிங். கொல்லப்பட்டவரின் தங்கையாகிய மற்றொரு கன்னியர் சிறைக்கே சென்று அவன் கையில் இராக்கி கட்டித் தம் உடன்பிறந்தானாக ஏற்றார். அக்குடும்பமே அவன் விடுதலைக்காக வேண்டியது. 2006-இல் அவன் வெளிவந்தான்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்களை மன்னிக்குமாறு எவரும் கட்டளையிடவில்லை. குடிகாரக் கணவனிடம் நாளும் அடிபடும் பெண்ணை நோக்கி, மன்னித்து வாழ் என்று அறிவுரை பகர்வோர்க்கு இக்கதைகளை எடுத்தாள உரிமை இல்லை. புண்பட்டவர் தாமே முன்வந்து அளிக்கும் கொடை அது. புண்படாத நமக்கோ மன்னிக்க ஏதுமில்லை. தீர்ப்புச் சொல்லாதிருத்தலே நம் பங்கு. அந்த எளிய பங்கைத்தான் நாம் செய்ய மறுக்கிறோம்.

நம் பினாங்கையே காண்போம். தீவின் கிழக்குக் கரையிலிருந்து நோக்கினால் ஜெரெஜாக் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த தீவு அது. கப்பலேறி வந்த நம் முன்னோரை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்ததும் அங்கேதான். 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு தோன்றிய பின் தொழுநோயாளர் அங்கு மாற்றப்பட்டனர். 1969 முதல் 1993 வரை அத்தீவு சிறையாக விளங்கிற்று. தொழுநோயைப் பாவத்தின் பயன் என்றும் முன்வினையின் விளைவு என்றும் எத்தனை வாய்கள் பேசின! 1940-களில் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது, நோய் தணிந்தது. அந்தப் பாவம் எங்கே போயிற்று? பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, அவ்வினாவையே இயேசுபிரான் ஏற்கவில்லை என்பது வேதம் படிப்போர் அறிந்ததே.

இன்று அந்த இடத்தில் போதைப்பொருள் குற்றவாளியின் குடும்பத்தை நிறுத்தியிருக்கிறோம். தந்தை சிறை சென்ற ஒரு மாணவனை வேறு வகுப்பில் உட்கார வைக்குமாறு பெற்றோர் சிலர் என் அறைக்கு வந்து வற்புறுத்தினர். அவர்களுள் ஒருவர் ஆலயத்தில் வேத வாசகம் படிப்பவர். பிள்ளை செய்த குற்றம் யாது என்று கேட்டேன். இரத்தம் பேசும் என்றார்! எட்டு வயதுச் சிறுவன் அவன். வாய்பாட்டில் வகுப்பிலேயே முதல்வன். அவனை இடம் மாற்ற நான் இசையவில்லை. ஆயினும் அவன் பிறந்தநாள் மிட்டாயை வாங்காமல் கையைப் பின்னிழுத்த பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தது பள்ளிக்கூடம் அன்று.

நாட்டின் சட்டமே தன் கடுமையைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு சூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கியது. தூக்குமேடையை எதிர்நோக்கியிருந்தோர் தம் தண்டனையை மறுஆய்வு செய்யக் கோரும் வாய்ப்பும் பிறந்தது. நீதிபதிகள் மறுபடியும் ஏடுகளைப் புரட்டினர். நம் வீட்டுத் திண்ணையிலோ மேல்முறையீடே கிடையாது.

சூலை இறுதியில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்போருள் இந்துக்களும் பலர். அக்கூட்டத்தினிடையே சிறையிலிருந்து மீண்ட ஒருவன் நின்று, எனக்கு வேலை வேண்டும் என்று கேட்டால், ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் நம்மவருள் எத்தனை பேர் தம் கடை முகவரியைத் தருவர்? திருச்சபைத் தலைவர்களும் கோயில் பொறுப்பாளர்களும் வரும் திருவிழாவுக்கு முன்னரே அம்முகவரிகளைத் திரட்டத் தொடங்கலாம்.