201ஆவது மணி நேரம்

விமானி உரிமம் கைக்கு வந்துவிட்டால் வேலை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. என் சித்தி வீட்டிலும் இருந்தது. சித்தப்பாவின் இ.பி.எப். பணம், வங்கிக் கடன், அடகுக் கடைக்குப் போன நகை என்று லட்சக்கணக்கான வெள்ளியைத் திரட்டித் தம்பியைப் படிக்க வைத்தார்கள். ஏறக்குறைய 200 மணி நேரம் பறந்தான். வணிக விமானி உரிமமும் வாங்கினான். அதற்குப் பிறகு சம்பளத்துக்காக ஒரு மணி நேரம்கூடப் பறக்கவில்லை.

"அக்கா, 500 மணி நேரம் பறந்திருந்தா வேலை தர்றோம்னு சொல்றாங்க. வேலை கொடுத்தாத்தானே 500 வரும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

முதலாளிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. சிறிய விமான நிறுவனங்களில் பல நேரம் முடிவெடுப்பது காப்புறுதி நிறுவனம்தான். இன்ன ரக விமானத்தை ஓட்ட இத்தனை மணி நேர அனுபவம் வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்துவிட்டால், பையனைப் பிடித்திருந்தாலும் முதலாளியால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த 201ஆவது மணி நேரத்தைத் தேடி இளம் விமானிகள் போகும் ஊர்கள் சில உண்டு. சாலை எட்டாத இடங்களுக்குச் சிறிய விமானத்தில் ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்க்கும் வேலை. 'புஷ் பைலட்' என்பார்கள். நம் சரவாக்கில் பாரியோவுக்கும் பா கெலாலானுக்கும் 19 பேர் அமரும் டுவின் ஓட்டர் போகிறதே, அந்த மாதிரிப் பறத்தல்தான். ஆனால், அதில் இரண்டு விமானிகள் இருப்பார்கள். அந்த இருக்கைக்கும் விமான நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கனடாவின் வடக்கே போனால், முதலில் ஓராண்டோ அதற்கு மேலோ மூட்டை ஏற்றி, எண்ணெய் நிரப்பி, பனி அள்ளிய பிறகுதான் விமானி இருக்கை கிடைக்கும். அங்கே வேலை செய்யும் உரிமை இல்லாதவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை.

தம்பி கண் வைத்திருப்பது போட்ஸ்வானாவின் மாவுன் நகரத்தின் மீது.

அங்கோலாவில் பெய்யும் மழை ஆறாக ஓடிவந்து, கடலைப் பார்க்காமலேயே களஹாரி மணலில் விரிந்து மறையும் இடம் ஒக்கவாங்கோ. அதன் வாசல்தான் மாவுன். உள்ளே தீவுகளில் இருக்கும் சுற்றுலா விடுதிகள் பலவற்றுக்குச் சரியான சாலை இல்லை. அதனால் செஸ்னா 206, கேரவன் போன்ற ஒற்றை இயந்திர விமானங்கள் பகல் முழுவதும் போய்வந்துகொண்டே இருக்கும். வேலை கிடைத்தால் ஒரே ஆண்டில் பல நூறு மணி நேரம் சேர்ந்துவிடும்.

கிடைத்தால்! பல நாட்டு இளைஞர்களும் அங்கே போய்க் கூடாரத்தில் தங்கி, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் நேரில் விவரக்குறிப்பைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் போதாதா என்று சித்தி கேட்டார். போதாது. ஒருவர் பெரிய விமானத்துக்குப் போய்விட்டால் அந்த இடம் உடனே நிரம்ப வேண்டும். அப்போது முதலாளிக்கு நினைவுக்கு வருவது காலையில் வாசலில் வணக்கம் சொன்ன முகம்தான். மழைக்காலம் முடிந்து சுற்றுலாப் பருவம் சூடு பிடிப்பதற்கு முன்பே போய்விட வேண்டும் என்பதும் அதனால்தான். வேலை அனுமதி வேண்டும், உரிமத்துக்கு அந்த நாட்டின் அங்கீகாரமும் வேண்டும். சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே முதல் இடம். அது நியாயமும்கூட.

வேலையையும் சொல்ல வேண்டும். விமானி அங்கே பெட்டி தூக்குபவர், பயணிகளை எடை போடுபவர், பாதுகாப்பு விளக்கம் சொல்பவர், எல்லாம் ஒருவரே. ஆளுக்குச் சுமார் 20 கிலோ, அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். இது வெறும் கெடுபிடியில்லை. மாவுன் கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேலே இருக்கிறது. அக்டோபரில் வெயில் 40 பாகையைத் தொடும். சூட்டில் காற்று மெலிந்துவிடும். இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் பலம் குறையும், மணல் ஓடுபாதையில் மேலெழும்ப இன்னும் நீண்ட ஓட்டம் தேவைப்படும். பத்து கிலோ கூடுதல் என்பது அங்கே பத்து கிலோ கூடுதல்தான். கோலாலம்பூர் விமான நிலையத்தில் முகப்பு அதிகாரியிடம் கெஞ்சிச் சமாளிக்கிற விஷயமில்லை. தரையிறங்கும் முன் ஒருமுறை தாழப் பறந்து, ஓடுபாதையில் யானையோ ஒட்டகச்சிவிங்கியோ நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எனக்குப் பயம் யானை மீது இல்லை. மணி நேரத்துக்காக ஏங்கி வந்த 24 வயதுப் பையன், பக்கத்தில் கேட்க மூத்த விமானி இல்லை, எதிரே இடி மேகம், பின்னால் விமானத்தைப் பிடிக்க வேண்டிய விருந்தினர்கள், அலுவலகத்தில் காத்திருக்கும் முதலாளி. அந்த நேரத்தில் 'இப்போது பறக்க முடியாது' என்று அவன் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கூடாரத்தில் கிடந்து வாங்கிய வேலையை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது எளிதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்ட சித்தியிடம் இதைத்தான் அவனிடம் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டாரா, தெரியவில்லை. நான் கேட்டேன். "சொல்லிடுவேன்க்கா" என்றான், கொஞ்சம் யோசித்துவிட்டு. அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைகளை இப்போது விமானப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று. படிப்புக் கட்டணத்தோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் மருத்துவச் சான்று, கருவிப் பறத்தல் தகுதியைப் புதுப்பிக்கும் செலவு, கை மறக்காமல் இருக்க அவ்வப்போது வாடகை விமானம், போகும் ஊரில் சில மாதச் சாப்பாடு. இவற்றுக்கான பணத்தை முதல் நாளே தனியாக வையுங்கள். பள்ளியில் கட்டடத்தையும் சீருடையையும் காட்டுவார்கள். போன ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே பறக்கிறார்கள் என்று கேளுங்கள்.

தம்பி இப்போது கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு மணி நேரம் பறக்கக் காசு சேர்க்கிறான். வேலைக்கு எடுப்பதற்கு முன் ஓட்டிக் காட்டச் சொல்வார்களாம், கை தடுமாறக் கூடாது. ஜோகனஸ்பர்க் வழியாகப் பிப்ரவரியில் கிளம்புகிறான். கூடாரம் வாங்கியாயிற்று. சித்தி ஊறுகாய் கொடுத்தனுப்பப் பார்க்கிறார். எடையைப் பற்றி அவன்தான் விளக்கிக்கொண்டிருக்கிறான்.